ரவுடியின் தட்டு

சித்ரகலா: கதவச் சாத்துங்க டாக்டரம்மா, கதவச் சாத்துங்க. பை கிழிஞ்சுபோச்சு, பூனை ஓடிரும்.

டாக்டர் கவிப்பிரியா: எங்கீங்க ஓடும்? பின்னங்கால ஊனவே இல்லையே. மேசை மேல உடுங்க. பேரென்ன?

சித்ரகலா: ரவுடிங்க.

டாக்டர்: ரவுடியா? சத்தமே காணோம்... என்னாச்சு?

சரவணக்குமார்: நேத்துங்க... பீரோ மேல இருந்து...

சித்ரகலா: விழுந்துருச்சுங்க.

டாக்டர்: உங்க ஊட்டுக்காரர் சொல்லட்டும்.

சரவணக்குமார்: அதானுங்க, விழுந்துருச்சு. கால் சரியானாப் போதும். அவிநாசியில சித்தப்பா தோட்டத்துல கொண்டுபோய் உட்டர்றோம்.

டாக்டர்: ஏன், ஊட்ல ஆகாதா?

சரவணக்குமார்: மூத்திரம் போறதுக்குத் தட்டு வெச்சிருக்கறமுங்க. ஆனா தட்டுக்கு வெளிய போயிருது. ஊட்லயே ரெண்டு மெஷின் போட்டு, கம்பெனிக்குக் கொழந்தைத் துணி தெச்சுக் குடுக்கறோம். வெட்டுன பீஸ் பண்டில் வந்து எறங்குனா, நேரா அதுமேல ஏறிக்குது.

சித்ரகலா: மூணு தடவைங்க. அலசிக் காயவெச்சும் பாத்துட்டேன். நேத்து கம்பெனியில வாசம் புடிச்சுட்டாங்க. பச்சக் கொழந்தைக போடறது, இனி உங்களுக்குப் பீஸே கெடையாதுன்னு போன்ல சொல்லிப்போட்டாங்க.

டாக்டர்: நேத்தா?

சித்ரகலா: ...ஆமாங்க.

டாக்டர்: மூத்திரம் முக்கி முக்கிப் போகுதா? ரத்தம்?

சரவணக்குமார்: இல்லீங்க. தாராளமாத்தான் போகுது.

டாக்டர்: பாயி, மெத்தை... அங்கெல்லாம்?

சித்ரகலா: அங்கெல்லாம் போகாதுங்க. பண்டில்ல மட்டும்தான். வேணும்னே பண்ணுது.

டாக்டர்: தட்டுல என்ன போடறீங்க? மண்ணா?

சரவணக்குமார்: மொதல்ல மண்ணுதானுங்க. மூணாவது மாடிக்கு மாறுனப்பறம் சொமந்து மாளல.

டாக்டர்: அப்புறம்?

சித்ரகலா: கட்டிங் வேஸ்ட்டுங்க. வெள்ளைப் பனியன் துண்டு, அதுக்கா நம்மூர்ல பஞ்சம்? மூணு நாள் தூக்கித் தூக்கி அதுமேல உட்டேன். டக்குனு புடிச்சுக்கிச்சு.

டாக்டர்: சரியாப் போனா என்ன செய்வீங்க?

சித்ரகலா: கொஞ்சுவேனுங்க. கருவாடு குடுப்பேன்.

டாக்டர்: பண்டில்ல வர்ற துணி?

சித்ரகலா: அதே வெள்ளைப் பனியன்தானுங்...

சரவணக்குமார்: சித்ரா...

டாக்டர்: வேஸ்ட் எது, பீஸ் எதுன்னு அதுக்கு எப்படீங்க தெரியும்? நீங்க பழக்குன துணியிலதான் போயிருக்குது.

சித்ரகலா: அப்ப நானேதான் பழக்கிட்டேனுங்களா?

டாக்டர்: தட்டுல பழையபடி மண்ணப் போடுங்க. பண்டிலை மூடி வெய்ங்க. கொஞ்சங் கொஞ்சமா மாறிக்கும். காலுதான் அப்படியில்ல, தொடையெலும்பு ரெண்டாப் போயிருக்குது. பீரோ மேல இருந்து குதிச்சா இப்படி ஆகறது அபூர்வங்க. நெசத்தச் சொல்லுங்க. வேற எங்க அடிபட்டிருக்குன்னு நான் பாக்கோணும்.

சரவணக்குமார்: நான்தானுங்க. கோவத்துல... கட்டையில ஒண்ணு போட்டுட்டேன்.

டாக்டர்: பண்டில்ல இருந்தப்பவா?

சரவணக்குமார்: ஆமாங்க.

சித்ரகலா: அவரு நேத்து ஊட்லயே இல்லீங்க டாக்டரம்மா. போனை வெச்ச கையோட நான்தான் கட்டைய எடுத்தேன்... அப்ப அது தட்டுலதானுங்க ஒக்காந்திருந்துச்சு.