அடுக்கு விதியும் இரண்டு கடிதங்களும்

எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள் பிடிக்கும். குவீன்ஸ்டவுனில் இட்லி சாப்பிட்டுவிட்டு ரயிலேறினால் பத்தரைக்குள் தேக்கா வந்துவிடலாம். சேகரிப்பு அட்டைகளை வைத்து விளையாடுகிறவர்கள் கூடும் ஒரு மாடிக்கடை அங்கே இருக்கிறது. உரிமையாளர் அஹ்சன். நடுவர் நான். சம்பளம் கிடையாது, கழுத்தில் 'நடுவர் முத்துராமன்' என்ற பெயரட்டை உண்டு. அதை நானே லேமினேட் செய்துகொண்டேன்.

சாயிரா பானு, நீங்கள் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் தொண்டூழியர். சின்னராசுவை ஏன் ஊருக்கு அனுப்பினார்கள் என்று விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். ஒளிக்க எதுவும் இல்லை.

இந்த விளையாட்டில் எல்லாரும் தடுமாறுவது அடுக்கு விதியில்தான். நான் தாக்கும் அட்டையை வைக்கிறேன். பதிலுக்கு நீங்கள் அதன்மேல் தடுக்கும் அட்டையை வைக்கிறீர்கள். அதற்கும் மேலே நான் இன்னொன்று. எது முதலில் பலிக்கும்? கடைசியாக வைத்தது. விதி அவ்வளவுதான். ஆனால் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டால் நடுவர் எதற்கு? நாற்பத்திரண்டு ஸ்லைடுகள் தயாரித்து மூன்று ஆண்டுகளாக விளக்கிவந்தேன். யாருக்கும் முழுதாகப் புரிந்ததில்லை. அதனால் அடுத்த வாரமும் என்னிடமே வந்தார்கள்.

சின்னராசு ஊரிலிருந்து வந்து கிராஞ்சியில் தொழிலாளர் விடுதியில் தங்கியிருந்த கட்டுமான ஊழியன். ஒரு ஞாயிறு மழைக்கு ஒதுங்கி மாடியேறியவன், பிறகு வாராவாரம் வந்தான். அட்டைகளில் இருக்கும் ஆங்கிலத்தைக் கைப்பேசி அகராதியில் சொல் சொல்லாகத் தேடிப் படிப்பான். எனக்கு அது பிடித்திருந்தது. குடிக்க மைலோகூட வாங்கித் தந்திருக்கிறேன்.

ஜூலையில் ஒரு நாள், கிளமெண்டியிலிருந்து வரும் பல்கலைக்கழக மாணவி ரக்ஷனாவுக்கு அடுக்கு விதியை விளக்கிக்கொண்டிருந்தேன். பத்தொன்பதாவது ஸ்லைடு. பக்கத்து மேசையிலிருந்து அவன் குறுக்கிட்டான்.

"லாரில சாமான் ஏத்துற மாதிரிதாங்க. கடைசியா ஏத்துனதத்தான மொதல்ல எறக்குவோம்?"

ரக்ஷனா என்னைப் பார்த்தாள். "அவ்ளோதானா? ஏன் அங்கிள், இத ஃபர்ஸ்ட்டே சொல்லிருக்கலாம் லா."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.

அடுத்த வாரம் புதிதாக வந்தவர்கள் நேராக அவன் மேசைக்குப் போனார்கள். அதற்கடுத்த வாரம் அஹ்சன் அவனுக்கென்று ஒரு நாற்காலி போட்டு, நன்றியாக இரண்டு பொட்டலம் அட்டை கொடுத்தார். கொடுத்ததை நான் படம் எடுத்துக்கொண்டேன். வேலை அனுமதியில் வந்தவர் வேறு இடத்தில் வேலை பார்க்கக் கூடாது. அது விதி, விதியைக் காப்பது நடுவரின் கடமை. 'ஊதியம் பெற்றுக்கொண்டு கடையில் வேலை செய்கிறார்' என்று அவனுடைய கம்பெனிக்கு மின்னஞ்சல் எழுதிப் படத்தையும் இணைத்தேன். இரண்டு பொட்டலம் அட்டை ஊதியமா என்று நீங்கள் கேட்பீர்கள். அவர்கள் கேட்கவில்லை.

புதன்கிழமை மதியம் சின்னராசுவே என்னை அழைத்தான்.

"அண்ணே, கடையில வேலை பாத்தேன்னு யாரோ எழுதிப் போட்டுட்டாங்கண்ணே. ஊருக்குப் போகச் சொல்றாங்க. நெலத்த வித்துட்டு வந்தேன், இன்னும் ஒரு வருசம்கூட ஆகல. நீங்க இங்கிலீஷ்ல நல்லா எழுதுவீங்க. கம்பெனிக்கு ஒரு லெட்டர் எழுதித் தாங்கண்ணே."

எனக்கு நிஜமாகவே மனம் இளகிவிட்டது. சந்தேகம் என்று வந்ததும் யாரைத் தேடி வந்தான், பார்த்தீர்களா?

உணவு இடைவேளையில் சாப்பிடாமல் உட்கார்ந்து எழுதினேன். பணிவான கடிதம். கடையில் வேலை செய்தது உண்மை, ஊதியம் பெற்றதும் உண்மை, மன்னிக்க வேண்டும் என்று அவன் சார்பில் எழுதி அவனுக்கு அனுப்பினேன்.

"படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுப்பா" என்றேன். சொல்லவில்லை என்று யாரும் குறை கூற முடியாது.

"நீங்க எழுதுனா சரியாத்தாண்ணே இருக்கும்" என்றான். அப்படியே கையெழுத்துப் போட்டுக் கம்பெனியில் கொடுத்தான்.

அவனே ஒப்புக்கொண்டுவிட்டதால் மேற்கொண்டு விசாரிக்கத் தேவைப்படவில்லையாம். வெள்ளிக்கிழமை விமானம் ஏற்றிவிட்டார்கள்.

ஆக, புகாரை எழுதியவனும் நான், அவனுடைய ஒப்புதலை எழுதியவனும் நான். இரண்டின் நகல்களும் இதோ இருக்கின்றன. பொறுமையாகப் படித்துப் பாருங்கள், ஓர் எழுத்துப்பிழைகூட இருக்காது.