இறகா, விசிறியா

மேல்துணியைத் தைத்து முடித்ததுமே குயில்ட் போர்வை முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. தெரியாதவர்கள், அவ்வளவுதான். உங்கள் மனைவியும் அப்படி நினைப்பவர்தான் என்று கேள்விப்பட்டேன், டிப்யூட்டி கெஸ்லர். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

துண்டுத் துணிகளை இணைத்து மேல்துணி செய்வது பாதி வேலை. அதன் கீழே பஞ்சை விரித்து, அதற்கும் கீழே அடித்துணியைப் போட்டு, மூன்றையும் சேர்த்து ஓட்டுகிற தையலில்தான் போர்வைக்கு உயிர் வருகிறது. அந்தத் தையல் இறகு இறகாக வளைந்து போகலாம், விசிறி விசிறியாக விரியலாம், வெறும் கட்டமாகவும் ஓடலாம். எது வேண்டும் என்று சொல்ல வேண்டியவள் மேல்துணியைத் தைத்தவள். தைத்துக் கொடுப்பவள் நான். இந்த நோய்ஃபெல்ட் ஊரில் யாருடைய கட்டிலில் எந்தப் போர்வை கிடந்தாலும் அதில் என் தையல்தான் இருக்கும்.

எங்கள் சர்ச் சபைப் பெண்களுக்கு ஒரு வியாதி உண்டு. தனக்கு இன்னது வேண்டும் என்று எவளும் வாய்திறந்து சொல்ல மாட்டாள். தட்டில் கடைசியாக ஒரு துண்டு ஆப்பிள் பை மிஞ்சினால், "நீ எடு", "இல்ல, நீ எடு" என்று அது காய்ந்து வறட்டியாகும்வரை உபசரித்துக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பணிவு என்று பெயர். என்னிடம் மேல்துணியைக் கொடுக்கும்போதும் அதே கதைதான். "உனக்கு எது சுலபமோ அதப் போடு, ஆர்டித்." சரி என்று நானே யோசித்து, விரல் தேயத் தைத்துக் கொடுப்பேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "ஓ, விசிறியா? நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். அந்த "நல்லாத்தான்" என்னை எத்தனை வருடமாகத் தின்றுகொண்டிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

இந்த வியாதியில் முதலிடம் வெல்டா ஷ்ராகுக்கு. பள்ளிக்கூட நாளிலிருந்து என் சிநேகிதி. லெலாண்டைக் கட்டிக்கொண்டதுகூட அவன் கேட்டபோது மறுத்தால் அவன் மனசு கஷ்டப்படும் என்பதற்காகத்தான். அவனுக்கு அது இன்றுவரை தெரியாது, பாவம்.

மே மாதம், புயல் வந்த அன்று, வெல்டா தன் மேல்துணியை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு கோதுமை வயல் வழியாக நடந்தே என் வீட்டுக்கு வந்தாள். நீலமும் வெள்ளையுமாக நட்சத்திரங்கள். ஒரு முனைகூடப் பிசகவில்லை. எங்கள் சபை ஏழைகளுக்காக நடத்தும் ஏலத்துக்கு அதைக் கொடுப்பதாக இருந்தாள். இவ்வளவு அழகான துணியை என் வாழ்நாளில் தொட்டதில்லை.

"இதுக்கு என்ன டிசைன் போடலாம், வெல்டா?"

"உனக்கு எது சுலபமோ அது."

"எனக்கு எல்லாமே சுலபந்தான். உனக்கு எது பிடிக்குது?"

"உனக்குப் பிடிச்சா எனக்கும் பிடிச்ச மாதிரிதான்."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே சைரன் ஊதியது. சூறாவளி வந்தால் எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். கொல்லையில் இருக்கும் புயல் நிலவறைக்குள் இறங்கினோம். துணியை முதலில் இறக்கினோம், பிறகு நாங்கள். கொஞ்ச நேரத்தில் சைரன் நின்றது. வானத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நான் மேலே வந்தேன். வானம் கழுவித் துடைத்ததுபோல இருந்தது. கதவை மூடி வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டேன்.

ஏன் போட்டேன் என்றுதானே கேட்கிறீர்கள். நல்ல முடிவு எடுக்க அமைதியான இடம் வேண்டும். வெல்டாவுக்கு வீட்டில் அமைதியே கிடையாது. லெலாண்ட் நாள் முழுக்க கோதுமை விலை பேசுவான். நிலவறை அப்படியில்லை. செத்துப்போன என் வீட்டுக்காரர் எர்வின் பார்த்துப் பார்த்துக் கட்டியது. கட்டில் உண்டு, விளக்கு உண்டு, கழிப்பறைகூட உண்டு. காற்றுக்குழாய் வழியாக நான் அவளிடம் சொன்னேன்: "அவசரமில்ல. உனக்கு எது வேணும்னு தோணுதோ அப்பச் சொல்லு, திறக்கறேன்."

"உனக்குத்தான் வீண் சிரமம்" என்றாள். அப்படிப்பட்டவள்தான் வெல்டா.

சூறாவளி லெலாண்டின் கோழிக்கூண்டைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. வெல்டாவையும் வயலில் வைத்துத் தூக்கிவிட்டது என்று ஊர் முடிவு கட்டியது. போலீஸ்காரரான நீங்களும்தான். எல்லாரும் கைகோத்து வரிசையாகக் கோதுமைக்குள் நடந்தோமே, உங்களுக்கு இடதுபக்கம் இரண்டாவது ஆள் நான். நான் ஒப்புக்கு நடக்கவில்லை. ஒவ்வொரு அடியையும் கவனமாகத் தேடினேன். தேடியவர்களுக்கு காபியும் ஸ்விபாக் பன்னும் நான்தான் கொண்டுவந்தேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் சபையில் பொய் சொல்வதில்லை. வெல்டா உன் நிலவறையில் இருக்கிறாளா என்று யாராவது கேட்டிருந்தால் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

அவளை நான் பட்டினி போடவில்லை. நூடுல்ஸ் காசரோல், பீச் பழம், ஞாயிற்றுக்கிழமை கோழி, எல்லாம் மேல்படிக்கட்டில் வைத்துவிடுவேன். கூடவே டிசைன் மாதிரிக்காகத் தைத்த துண்டுகளும். "இறகா, விசிறியா?" என்று கேட்பேன். "ரெண்டுமே அழகுதான்" என்பாள். ஒருநாள் எங்கள் தையல் குழு என் கொல்லையில், நிலவறைக்குப் பக்கத்திலேயே தையல் சட்டத்தைப் போட்டு உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே தைத்தது. எல்லாரும் போனபிறகு குழாயில் குனிந்து, "ஏம்மா, கேட்டிருக்குமே, ஒரு குரல் கொடுத்திருக்கலாமே" என்றேன். "எல்லாரும் சந்தோஷமாப் பாடிட்டிருந்தாங்க. நடுவுல எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றாள். இப்படிப்பட்டவளிடம் ஒரு டிசைனை வரவழைப்பது எவ்வளவு கஷ்டம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அவளுக்கு நினைவு ஆராதனையும் நடந்தது. உடம்பில்லாத ஆராதனை என்றாலும் நன்றாகவே நடந்தது; நான் அழுதேன். முடிந்ததும் பாதிரியாரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெல்டாவோட மேல்துணி எங்கயாவது கிடைச்சா நீயே ஒரு டிசைன் பார்த்துத் தைச்சிரு, ஆர்டித். அவ ஞாபகமா ஏலத்துல வைக்கலாம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் உயிரோடு இருக்கும்போது அவளுக்குப் பதிலாக நான் எப்படி முடிவு செய்ய முடியும்? அது பெரிய தப்பு. அதைச் செய்ய என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

அன்று மாலை சாப்பாடு வைத்தபோது வெல்டா என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஆர்டித், நான் வீட்டுக்குப் போகணும். என்னை விட்டுரு."

என் கண் நிறைந்துவிட்டது. அறுபது வருடப் பழக்கத்தில் அவள் தனக்கு என்ன வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை. முறை பலித்துவிட்டது என்று தெரிந்தது. இன்றைக்கு வீடு என்றவள் நாளைக்கு இறகு என்பாள். இவ்வளவு தூரம் தேறியவளை அந்த நேரத்தில் வெளியே விட்டால் எல்லாம் வீணாகிப் போகும். விரல் விரலாக அவள் கையைப் பிரித்துவிட்டுக் கதவை மூடினேன்.

நான் சறுக்கியது ஒரே இடத்தில்தான். மாதிரித் துண்டுகளின் நுணுக்கம் அவள் கண்ணுக்குத் தெரியவில்லையோ என்ற சந்தேகம் வந்தது. நேரே லெலாண்டிடம் போய் வெல்டாவின் படிக்கிற கண்ணாடியைக் கேட்டேன்.

"எதுக்கு, ஆர்டித்?"

"அது இல்லாம அவளுக்குப் பொடித் தையல் தெரியாதே."

துக்கத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்து அவன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். கண்ணாடியையும் கொடுத்தான். பிறகு, பாவம் அந்த அம்மாவைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வாருங்கள் என்று உங்களுக்கு போன் செய்திருக்கிறான். நல்ல மனுஷன்.

நீங்கள் இன்று காலையில் வந்தீர்கள். தொப்பியைக் கழற்றிவிட்டு, மரியாதையாக, "நிலவறையைக் கொஞ்சம் பார்க்கலாமாம்மா?" என்று கேட்டீர்கள். கேட்டால் சொல்வேன் என்றேனே, சொன்னேன். "தாராளமா பாருங்க, வெல்டா உள்ளதான் இருக்கா." உங்கள் முகம் வெளுத்தது. அப்போதுகூட நான் உங்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். பாதிப் படி இறங்கியிருந்த உங்களிடம், "மூணாவது ஆள் சொன்னா நல்லா இருக்கும். அந்த நட்சத்திரத்துக்கு இறகு எடுக்குமா, விசிறி எடுக்குமா?" என்று கேட்டேன்.

நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "எனக்கென்னம்மா தெரியும், உங்க இஷ்டம்" என்றீர்கள்.

அதனால்தான் கதவு மூடியது, டிப்யூட்டி கெஸ்லர். வேறு காரணம் இல்லை. அந்த வயர்லெஸை அமுக்கி அமுக்கிக் கைவலிதான் மிச்சமாகும். எர்வின் காங்கிரீட்டைக் கனமாகப் போட்டவர். குழாய்ப் பக்கமாக நின்று கேட்டால் நான் பேசுவது இன்னும் தெளிவாகக் கேட்கும். கதவையும் தோளால் இடிக்காதீர்கள், மேல்துணியில் தூசி விழும்.

வெல்டா கத்துவது எனக்கும் கேட்கிறது. "விசிறி, ஆர்டித், விசிறிதான் வேணும், கதவத் திற" என்கிறாள். நல்ல தேர்வுதான். ஆனால் அவளை எனக்குத் தெரியும். வந்த விருந்தாளி சிரமப்படக்கூடாதே என்று உங்களுக்காகச் சொல்கிறாள். அவளுக்கென்று உள்ளே ஒரு ஆசை இருக்கும், அது தானாக வெளியே வரட்டும். மத்தியானத்துக்கு இரண்டு தட்டாக வைக்கிறேன். மெதுவாக யோசியுங்கள், யாரையும் கட்டாயப்படுத்துவது என் குணமில்லை.