மாற்றாத பிளேடு

பிளேடு மாற்ற அரை நிமிஷம்கூட ஆகாது, டாக்டர் மேடம். இருபத்திரண்டு வருஷமாக இந்த லேபில் சதைத்துண்டு சீவுகிறேன். ‘அவசரத்தில் மறந்திருக்கலாம்’ என்று எனக்காக நீங்கள் எழுதி வைத்திருக்கும் வரியை அடித்துவிடுங்கள். என் வேலையைக் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது.

உங்கள் ஆராய்ச்சி நல்ல ஆராய்ச்சி. சிகரெட்டே பிடிக்காத பெண்களுக்கும் நுரையீரலில் புற்றுநோய் வருகிறதே, அதில் ஏதாவது வைரஸுக்குப் பங்கு இருக்குமா என்று பார்க்க முப்பத்தொரு பேரின் கட்டித் துண்டுகளை எடுத்தீர்கள். மெழுகில் பதித்த ஒவ்வொன்றையும் நான் தாளைவிட மெல்லிசாகச் சீவிக் குழாயில் போட்டு அனுப்ப வேண்டும். ஒருவரை முடித்து அடுத்தவரைத் தொடுமுன் புது பிளேடு, புதுக் கையுறை. இல்லாவிட்டால் ஒருத்தியின் வைரஸ் இன்னொருத்தியின் குழாயில் ஏறிவிடும். பத்தொன்பதாம் எண் என் மனைவி. அது உங்களுக்கும் தெரியும்.

அவள் சிகரெட்டைத் தொட்டதில்லை. நான் தொடுவேன். படுக்கையறையில்தான், ஆனால் அவள் முகத்தில் ஊதியது கிடையாது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். எனக்குச் சளி பிடிக்கும் என்பதால் ஜன்னலைத் திறக்க விடமாட்டேன், அவ்வளவுதான். நோய் தெரிந்த நாளிலிருந்து வீட்டில் பார்வையே மாறிவிட்டது. நான் கழற்றி மாட்டிய சட்டையை அவள் இரண்டு விரலால் எடுத்து வெளியே கொடியில் போட்டாள். மகள் கைக்குழந்தையோடு வந்து தங்கினாள். இருவரும் கட்டிலில் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசுவார்கள். நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். ஒருநாள் சாப்பிடும்போது மகள் நேராகவே கேட்டாள்.

“அம்மா சிகரெட்டைக் கையால கூடத் தொட்டதில்ல. அப்புறம் எப்படிப்பா?”

“என்னைக் கேட்டா?”

“வேற யாரைக் கேக்கறது?”

மனைவி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘சும்மா இருடி’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இத்தனை வருஷம் ஓடாய்த் தேய்ந்தவனைக் கொலைகாரனைப் போலப் பார்த்தால் யாருக்குத்தான் வலிக்காது?

அடுத்த வாரம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் துண்டு ஒன்று வந்தது. அதில் வைரஸ் இருப்பது ஏற்கெனவே உறுதியானது. அதைச் சீவினேன். அதே பிளேடில் பத்தொன்பதையும் சீவினேன். பதிவேட்டில் ‘பிளேடு மாற்றப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பத்தொன்பதில் வைரஸ் இருப்பதாக முடிவு வந்ததும் நகல் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனேன். ‘இதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது’ என்று அடியில் எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் பின்பக்கம் மடித்துவிட்டுத்தான் காட்டினேன். மகள் மூன்று தடவை படித்தாள்.

“இது ஒட்டுமாப்பா?”

ஒட்டாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் குசுகுசுப்பு ஞாபகம் வந்தது.

“பச்சைக் குழந்தை இருக்கற வீடு. எதுக்கும் ஜாக்கிரதையா இரும்மா,” என்றேன்.

மகள் அன்று சாயங்காலமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள். கிளம்பும்போது அம்மாவின் அறைக்கு வெளியே நின்று கையசைத்தாள். அவளும் உள்ளிருந்தே கையசைத்தாள்.

பிறகு ஏழு வாரம்தான் அவள் இருந்தாள். ஃபோனில் பேத்தியைக் காட்டினால் திரையைத் தடவிக் கொடுப்பாள். ஒரே ஒரு தடவை மடியில் வைத்துக்கொள்ளட்டுமா என்று என்னிடம் கேட்டாள். “உடம்பு சரியாகட்டும், அப்புறம் பாக்கலாம்,” என்றேன். வீடு அமைதியாக இருந்தது. நானும் பழையபடி அந்த அறையிலேயே சிகரெட் பிடிக்க ஆரம்பித்தேன். இப்போது அவள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஒரு முடிவில் சந்தேகம் வந்து, அதே மெழுகுக்கட்டியை நீங்களே சீவிப் பார்த்திருக்கிறீர்கள். வைரஸ் இல்லை. எப்படி இருக்கும்? உங்கள் உழைப்பைக் கெடுத்ததில் எனக்கு வருத்தம்தான். முப்பத்தொன்றில் ஒன்றுதானே, நீக்கிவிடுங்கள். மகளிடம் மட்டும் சொல்ல வேண்டாம். அம்மாவைத் தொடாமலே அனுப்பிவிட்டோமே என்று அவள் உடைந்துபோவாள், பாவம்.

மனைவிமேல் எனக்குக் கோபம் இல்லை. போவதற்கு முதல் நாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது, ஒவ்வொரு வார்த்தையாகத்தான் சொன்னாள்.

“உங்களைப் போய்... சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சிருங்க.”

மன்னித்துவிட்டேன், மேடம். மனசில் எதையும் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.