மைமூனா வீட்டு பிரிட்ஜ்

நாள் முழுக்கக் காதில் விழுந்துகொண்டே இருக்கிற ஒரு சத்தம்... அது நமக்கு ஏன் கேட்பதே இல்லை? எனக்குப் பதில் தெரியாது. படித்தும் பார்த்தேன், பிடிபடவில்லை. பதில்தான் இல்லை, சின்னதாக ஒரு கதை இருக்கிறது. சொல்லட்டுமா?

மேலப்பாளையத்தில் மைமூனா என்று ஒரு பெண். கம்ப்யூட்டரில் இசை அமைப்பவர். பொத்தானை அமுக்கினால் வருவதெல்லாம் இசையா என்று கேட்டவள்தான் நானும். ஆனால் இந்தப் பெண், கம்ப்யூட்டரோடு வருகிற சத்தம் ஒன்றைக்கூடத் தொட மாட்டார். சாப்பாட்டுத் தட்டைத் தட்டிப் பதிவு செய்வார். தையல் மிஷினை ஓட்டிப் பதிவு செய்வார். இழுத்து, நீட்டி, வளைத்து... கடைசியில் அந்தத் தட்டு அழும்! இத்தனையும் எங்கே? சமையலறை மூலையில்.

எங்கள் நாடகக் குழுவுக்கு முதல்முறையாக இசை அமைத்தார். கடலுக்குப் போன கணவனுக்காகக் காத்திருக்கிறவள் கதை. அரங்கேற்றத்துக்கு முதல் நாள் காலையில் அரங்கத்தில் போட்டுப் பார்த்தோம். இசை அந்தரத்தில் தொங்குகிறது!

இயக்குநர் பால்துரைக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா மைமூனா, சோத்தை வடிச்சிட்டுக் குழம்பை மறந்த மாதிரி இருக்கே?"

"வீட்ல நல்லாத்தாண்ணே இருந்துச்சு!"

"அப்போ சனங்களை உன் வீட்டுக்கே கூட்டிட்டு வரவா? கம்ப்யூட்டர்ல ஆயிரம் சத்தம் கெடக்குல்ல, ஒண்ணை எடுத்து அடியில போடு. இல்லன்னா நாளைக்கு உன் இசையே வேண்டாம்."

"யாரோ செஞ்ச சத்தம் வேண்டாம்ணே. சாயங்காலம் வரைக்கும் பொறுங்க."

வீட்டுக்கு ஓடினார். போட்டார்... நன்றாக இருக்கிறது! மறுபடி போட்டார்... நன்றாகத்தான் இருக்கிறது! திடீரென்று பிரிட்ஜ் ஓடுவது நின்றது. அந்த நொடியே இசையும் இளைத்துப் போனது.

புரிகிறதா? இத்தனை மாதமும் பிரிட்ஜின் ரீங்காரத்துக்கு மேலேதான் எல்லாவற்றையும் கட்டியிருக்கிறார். ஆனால் அதைப் பதிவு செய்யவே இல்லை!

மைக்கோடு பிரிட்ஜ் முன்னால் உட்கார்ந்துவிட்டார். கணவர் எட்டிப் பார்த்தார். "பசிச்சா தொறந்து எடு. எதுக்கு அதுகிட்ட பேட்டி எடுத்துக்கிட்டு இருக்கே?"

"சும்மா இருங்க... அது பாடுது."

அன்பானவர்களே, குறை என்றதும் அவர் அடுத்தவர் சத்தத்தை வாங்கி ஓட்டையை அடைக்கவில்லை. தான் வேலை செய்த இடத்துக்கே திரும்பிப் போய்க் காது கொடுத்தார். உங்கள் வேலையை அடியிலிருந்து தாங்குவது எது? கேட்டிருக்கிறீர்களா? எல்லாருக்கும் அது கேட்டுவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். நின்று கேளுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

மறுநாள் நடந்தது இது. நாடகம் தொடங்கியதிலிருந்து அந்த ரீங்காரம் ஓடியது, யாரும் கவனிக்கவில்லை. படகு திரும்பவில்லை என்ற செய்தி வந்த இடத்தில் மைமூனா அதை நிறுத்தினார். அரங்கத்தில் எல்லாரும் ஒன்றாகத் தலை நிமிர்ந்தார்கள். மேடையில் யாரும் இன்னும் அழ ஆரம்பிக்கவில்லை... எங்கள் வரிசையில் பால்துரை ஆரம்பித்திருந்தார்.