பச்சைக் கோடு

போடியிலிருந்து தேனிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு ஏலக்காய்க் கடைக் குமாஸ்தாக்கள். கடைகளுக்குக் கம்ப்யூட்டர் வர ஆரம்பித்த எண்பதுகளின் கடைசி அது. ஜன்னலோரம் இருந்தவர் சொன்னதைக் கேட்டு நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"கோட்டைப் பச்சையாக்க, கம்ப்யூட்டர் போட்ட மதுரைக்காரன் மூணுதடவை வந்துட்டுப் போய்ட்டாண்ணே."

"என்ன கோடுய்யா?"

"கம்ப்யூட்டர்ல சரக்கு லிஸ்ட் போடச் சொன்னா, எம்புட்டு முடிஞ்சிருக்குன்னு காட்ட ஒரு கோடு நீளும். மொதல்ல மஞ்சளா இருந்துச்சு. வெளுத்துப்போன ஏலக்காய் மாதிரி இருக்கே, பாக்குற யாவாரி என்ன நெனைப்பான்னு மொதலாளி சத்தம் போட்டாக."

"நாயந்தானே."

"பச்சையாக்குனான். அது முக்கால்ல வந்து நின்னுக்கிருச்சு. பாதியில நிக்கிற கோடு கடைக்கு ஆகாதுன்னாக. அதையும் சரிபண்ணிட்டான். இப்ப கடகடன்னு கடைசிவரைக்கும் போயிருது."

"அப்ப லிஸ்ட் வந்துருச்சு?"

"எங்கிட்டு வர? லிஸ்ட் இன்னும் முக்கால்லதேன் நிக்கிது. கேட்டா, கோட்டுக்கும் வேலைக்கும் இப்பச் சம்பந்தமில்லங்கிறான். கோடு முடிஞ்சதும் மொதலாளி சந்தோசமாச் சாப்பிடப் போயிருவாக. அவுக வர்றதுக்குள்ள லிஸ்ட்டை நான் கையால எழுதி வச்சிருவேன்."



"உங்க கடையில பாத்துட்டு வந்துதேன் எங்க மொதலாளியும் கம்ப்யூட்டருக்குச் சொல்லியிருக்காக," என்றார் மற்றவர். "நேத்து எனக்கு ஒரு புதுப் பேனா வாங்கிக் குடுத்தாக. எதுக்குன்னு இப்பத்தேன் தெரியுது."