அரைப்பேர் மேடு

கல்லுமேடு நமக்கு மேய்ச்சக் காடா இருந்த காலத்துல, ஓடைக்கரைப்பட்டியில இருளாயின்னு ஒருத்தி. நம்ம வம்சத்துக்கு அவதான் மூத்தவ. அவ புருசன் பேரு வீரசூரன், ஊரு கூப்புடுறது வீரன்னு. அவ அண்ணன் சங்கிலி. மச்சானும் மச்சானும் ஒரே ஆட்டுக்கிடை போட்டாங்களாம்.

வீரனோட நாய் செவலை. நரி வந்தா "சூ"ன்னு ஏவுனாப் போதும், போய் விழுந்துரும். சங்கிலியும் ஒரு குட்டி கொண்டாந்தான். "உங்களுக்கு வீரன் போதும் மச்சான், மிச்சப் பேரு என் நாய்க்கு"ன்னு சூரன்னு பேரு வச்சான். குசும்பு புடிச்சவன்.

அப்பப் புடிச்சது சனியன். ஒண்ணாப் படுத்துக் கெடக்குற நாய்க, சங்கிலி கஞ்சிக்குக் கூப்புடுற நேரமாப் பாத்துக் கொதறிக்கிருதுக. "ஏ சூரா, விடு சூரா"ன்னு ஊரே கத்துது. கத்தக் கத்தச் செவலைக்கு வெறி கூடுது. ஏன்னு ஒருத்தருக்கும் புரியல. கண்ணேறுன்னாங்க, காத்துக்கருப்புன்னாங்க. சட்டியப் பிரிச்சு வச்சும் பாத்தாச்சு.

இதுல இன்னொரு கூத்து. இருளாயி கஞ்சி ஊத்துனா மட்டும் ரெண்டும் ஒரசிக்கிட்டு நின்னு குடிக்குமாம். மருந்து வச்சுட்டாளோன்னு அதுக்கும் பேச்சு. அவளுக்கே புரியலையாம். கேட்ட புதுசுல எனக்கும் புரியல.

ஒருநாள் சூரன் காது அந்துபோச்சு. "இனி உங்க கூடக் கிடை இல்ல மச்சான்"னு சங்கிலி ஆட்டப் பிரிக்கிறான். வீரன் செவலை கழுத்துல கயித்தப் போட்டு, தூக்குல மாட்ட கல்லுமேட்டு வேலமரத்துக்கு இழுத்துட்டுப் போறான். அது வால ஆட்டிக்கிட்டே போச்சாம், பாவம்.

இருளாயி பின்னாடியே ஓடுனா. அந்நேரம் சங்கிலி, "சூ...ரா"ன்னு தன் நாயக் கூப்புட்டான். "ரா" வர்றதுக்குள்ள செவலை காத நிமித்திக்கிட்டுக் கயித்தப் பறிக்குது. அவ பாத்துட்டா. புருசன் பேருல பாதின்னு அந்தப் பேர அவ சொன்னதே இல்ல. வெள்ளமூக்கான்னுதான் சூரனக் கூப்புடுவா.

"கயித்த விடுங்க"ன்னா. ஊரு பாக்க, வெறும் பொதரக் காட்டி, "சூ...ரா"ன்னா.

செவலை பொதருக்குள்ள பாஞ்சு நரியத் தேடுது.

"ஏவுறது நீங்க. போனதுக்கு அதக் கொல்லுறீங்க"ன்னு ஒக்காந்து அழுதாளாம்.

வீரன் கயித்த வீசிட்டான். சங்கிலி ஆட்டத் திருப்பி ஓட்டியாந்தான். அதுலருந்து கல்லுமேடு அரைப்பேர் மேடு ஆயிருச்சு. இன்னைக்கும் நம்மூர்ல நாய்க கடிச்சுக்கிட்டா ஒருத்தரும் வாயத் தொறக்கமாட்டோம், ஒரு சட்டித் தண்ணிய எடுத்துட்டுப் பேசாமப் போய் மேல ஊத்துவோம். வெளியூர்க்காரன் நம்மளப் பாத்து முழிப்பான்.