மூலையில் ஒரு முதுகு

இருதயம்மாள்: இந்தப் போட்டோல வானம் அல்லாம் வோணாம் பாய். வெட்டிடு.

சௌக்கத் அலி: இன்னா இருதயம்மா, வெண்டக்கா நறுக்கறாப்பல சொல்ற! அந்த வானத்துக்காவ எண்ணூர் முகத்துவாரத்துல முட்டி வரைக்கும் சேத்துல நின்னுகினு இருந்தேன், தெரியுமா?

இருதயம்மாள்: நின்னியே, கால் கழுவினியா?

சௌக்கத் அலி: தமாசு வோணாம்மா. நம்ம ஸ்டுடியோ வாசல்ல மாட்டினதுல, ரோட்ல போறவன் நின்னு பாக்கறது இந்த ஒரு படத்தத்தான்.

இருதயம்மாள்: நானுந்தான் பாக்கறேன். டெய்லி, மீன் கூடைய எறக்கி வெச்சுட்டு... இந்த மூலைல கட்டுமரத்துல ஒரு ஆளு நிக்கிறாரே, அவரு மட்டும் போதும். பெருசு பண்ணிக் குடு.

சௌக்கத் அலி: அவரா? கட்டவெரல் நகம் அளவுகூட இல்லியேம்மா. பெருசு பண்ணா புள்ளி புள்ளியா ஒடஞ்சிடும். மூஞ்சியும் தெரியாது. முதுகுதான்.

இருதயம்மாள்: முதுகு போதும்.

சௌக்கத் அலி: யாரும்மா அவரு?

இருதயம்மாள்: எங்க வூட்டுக்காரரு.

சௌக்கத் அலி: ஒங்க வூட்டுக்... சரிம்மா, சரி.

இருதயம்மாள்: இன்னா பாய், இழுக்கற?

சௌக்கத் அலி: ஒண்ணுமில்ல... வேற போட்டோவே இல்லியா ஒங்கிட்ட?

இருதயம்மாள்: கல்யாணத்துல எடுத்தது ஒண்ணு இருந்துச்சு. ரோசி வயித்துல இருந்தப்போ கடலுக்குப் போனாரு, வரல. மறு வருஷம் அலை உள்ள பூந்து வூட்ட இழுத்துச்சு. அந்தப் போட்டோவும் அதோட பூட்ச்சு.

சௌக்கத் அலி: சரி, இரு. ரெண்டு அட்டைய வெச்சு மறைச்சுக் காட்றேன். பாரு... இந்தப் பக்கம் கட்டுமரம், அந்தப் பக்கம் கரண்டு கம்பெனி சிம்னி. தராசு கணக்கா நிக்குது. இதோட வெட்டினா சோக்கா இருக்கும்.

இருதயம்மாள்: சிம்னி வோணாம்.

சௌக்கத் அலி: அத்த எடுத்தா படம் ஒரு பக்கமா சாஞ்சிடும்.

இருதயம்மாள்: சாயட்டும்.

சௌக்கத் அலி: அதுக்கில்லம்மா... போற ஆளுக்கு எதிர்ல கொஞ்சம் எடம் விடணும். இல்லாட்டி செவுத்துல முட்டிகினு நிக்கறாப்பல ஆய்டும்.

இருதயம்மாள்: எடம் விடு. சிம்னிய வெட்டிடு. அவரு போனப்போ அத்த கட்டவே இல்ல. ரோசி கெட்டிக்காரி... கேட்டுடுவா.

சௌக்கத் அலி: அப்போ... இது அவரு இல்லன்னு ஒனக்கே...

இருதயம்மாள்: தெரியும் பாய்.

சௌக்கத் அலி: அடப்பாவமே! நான் வேற, சொன்னா ஒன் மனசு ஒடஞ்சிடும்னு வாய மூடிகினு இருந்தேன். அது கஸ்பாருன்னு ஒருத்தரும்மா. போன வாரம்கூட இங்க வந்து ஒக்காந்து பேசிட்டுப் போனாரு.

இருதயம்மாள்: நல்லா இருக்கட்டும்.

சௌக்கத் அலி: பெத்த பொண்ணுகிட்ட எதுக்கும்மா யாரோ ஒருத்தர் முதுகு?

இருதயம்மாள்: அடுத்த மாசம் அவளுக்குப் புதுநன்மை, கோயில்ல மொத தபா நற்கருணை வாங்கப் போறா. கூடப் படிக்கற பொண்ணுங்க அல்லாம் அப்பா கையப் புடிச்சுகினு கோயிலுக்கு வரும். இவ, "அப்பா எப்டிம்மா இருப்பாரு"ன்னு கேட்டுகினே கீறா.

சௌக்கத் அலி: ஒக்கார வெச்சு நீயே சொல்லேன். மூக்கு இப்டி, சிரிச்சா இப்டின்னு... இந்தப் புள்ளி புள்ளி படத்தவிட அது எவ்ளோ மேலு!

இருதயம்மாள்: சொல்லிகினுதான் இருந்தேன்... ஒரு நாள் நீட்டு மூக்குன்னேன். இன்னொரு நாள் சப்ப மூக்குன்னுட்டேன் போல. புடிச்சுகினா. "எதும்மா நெசம்"னு கேக்கறா... நான் இன்னாத்த சொல்லுவேன்? கண்ண மூடினா, கட்டுமரத்த அலைக்குள்ள தள்ளிகினு போற முதுகுதான் பாய் வருது. அவரு மூஞ்சி... எனக்கே மறந்துபூட்ச்சு.